கார் நிற்காத பொம்மை ஊர்

தசரா நெருங்கிவிட்டால், பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் கார்கள் சென்னபட்டணாவில் நின்றுதான் போகும். சுமார் 60 கி.மீ. தூரம். பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்குப் பொறுமை போகிற இடம். சாலையோரக் கடை வாசலில் மஞ்சளும் சிவப்புமாக ஆடும் மரக்குதிரைகள் வரிசையாக நிற்கும். பார்த்துவிட்ட குழந்தை சும்மா வருமா? அப்பா பிரேக் போட்டாக வேண்டும். போகும்போது 'வரும்போது வாங்கித் தருகிறேன்' என்று தப்பித்தவர்கள் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார்கள். ஒரே பண்டிகைக்கு இரண்டு முறை வியாபாரம்.

கன்னடத்தில் இது 'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர். பாரசீகத்துக் கைவினைஞர்களைத் திப்பு சுல்தான் வரவழைத்ததில் தொடங்கியது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நவராத்திரி என்றதும் தமிழர்களுக்குக் கொலு நினைவு வரும். மைசூர் வீடுகளிலும் படி கட்டி, ராஜா ராணி ஜோடியை நடுநாயகமாக வைப்பார்கள். ஆனால், சென்னபட்டணாவுக்குப் பேர் வாங்கித் தந்தது படியில் வைத்துப் பார்க்கும் பொம்மை அல்ல. குழந்தை உருட்டி, இழுத்து, வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மை. கிலுகிலுப்பை, பம்பரம், சொப்புச் சாமான், நடைவண்டி.

கடிக்கலாம் என்பதுதான் இதன் பெருமை. மரம் 'ஆலெ மர'. பெயரைக் கேட்டு ஆலமரம் என்று எண்ணிவிட வேண்டாம், தமிழில் இது வெட்பாலை. வெள்ளையான, மிருதுவான மரம். வெட்டிய கட்டையைச் சில மாதங்கள் உலரவிட்டுக் கடைசல் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. உருவம் வந்தபின் பிரஷ்ஷுக்கும் பெயின்ட்டுக்கும் வேலையில்லை. சுழலும் மரத்தின் மேல் சாயம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி. கடைசியாகத் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி போல் மின்னும். (சாலையோரக் கடையில் இருப்பதெல்லாம் இந்த வகை என்று நம்பிவிடக் கூடாது. வெளியூர் சரக்கும் கலந்திருக்கும். கேட்டு வாங்குவது நல்லது.)

2023 மார்ச் 12-ல் 118 கி.மீ. நீளமுள்ள பெங்களூர்-மைசூர் விரைவுச் சாலையைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். மூன்று மணி நேரப் பயணம் 75 நிமிடமாகும் என்றது அரசு. பயணிகளுக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் புதிய சாலை ராமநகரத்தையும் சென்னபட்டணாவையும் புறவழியில் ஒதுக்கிவிட்டுப் போகிறது. மத்தூர் வடைக்காக நின்றவர்களும் நிற்பதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர்களுக்கு விரைவுச் சாலையில் தடை. அவை பழைய சாலையில் வருகின்றன, அரசுப் பேருந்துகளும் வருகின்றன. பேருந்து கடை வாசலில் நிற்காது. ஸ்கூட்டரில் வருகிற குடும்பம் நின்றாலும் ஆடும் குதிரையை எங்கே வைத்துக் கொண்டுபோவது? பம்பரம் விற்கும். குதிரை நிற்கும்.

இதற்கு முன் கண்ட எதிரி சீன பொம்மை. அதற்கு மருந்து கிடைத்தது. இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. புவிசார் குறியீடு முன்பே கிடைத்திருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரே வானொலியில் ஊர்ப் பெயரைச் சொன்னார். வரி போட்டு சீன பொம்மையைத் தடுக்கலாம். காரைத் திருப்ப எந்த வரி போடுவது?

பட்டறைக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. ஏற்றுமதியாளர்கள், பெருநகரக் கடைகள், இணைய விற்பனை என்று ஆர்டர் வருகிறது. கடைசல் இயந்திரம் எந்தச் சாலையோரத்தில் இருக்கிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை. கடைக்காரருக்கு அப்படியில்லை. அவருடைய முதல் வாசலில் இருந்தது. சாலைதான் விளம்பரம், சாலைதான் சந்தை. பொம்மை பிழைத்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் கடையையும் சேர்த்துச் சொல்வதில்லை.

விஜயதசமியன்று மைசூரில் ஜம்பு சவாரி முடிந்து கார்கள் பெங்களூருக்குத் திரும்பும்போது இருட்டிவிடும். பழைய சாலையில் கடை விளக்குகள் எரிகின்றன. வாசலில் குதிரைகள் நிற்கின்றன, பாலித்தீன் உறை பிரிக்காமல்.