வெள்ளிச்சிக்கு ஓர் ஈ

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவேரி. ஆவணி மாதத்தில் போனால் ஐந்து பாலங்களின் கீழும் செந்நிற வெள்ளம் சுழித்துக்கொண்டு ஓடும். நான் போனது மாசி மாதம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிடுகிறார்கள். அதற்கப்புறம் சில நாளில் ஆறுகள் மெலிந்து, மணல் திட்டுகள் முதுகைக் காட்ட ஆரம்பிக்கின்றன. நான்கு பாலங்களைத் தாண்டும்வரை மணலையும் நாணலையுமே பார்த்துக்கொண்டு வந்தேன். காவேரியில் மாத்திரம் ஒரு கரையோரமாகத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது; அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம் போல் அத்தனை தெளிவு.

அந்தத் தெளிவுதான் என்னை அங்கே இழுத்தது. "தண்ணீர் தெளிந்துவிட்டது. உடனே புறப்பட்டு வரவும். ஈ கட்டி வைத்திருக்கிறேன்" என்று பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது.

ஈயை ஓட்டுகிறவர்களை நேயர்கள் அறிவார்கள். வியாபாரம் மந்தமான கடைகளில் அந்தக் காட்சி சகஜம். ஈயைக் கட்டுகிறவர்கள் நம் நாட்டில் அபூர்வம். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். முப்பது வருஷம் உதகமண்டலத்தில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் வேலை செய்த ஒரு முதியவரிடம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். பென்ஷனுடன் ஊர் திரும்பியபோது குளிரை மலையிலேயே விட்டுவிட்டு, தூண்டிற்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு அடுப்பில் ஒரு நாளும் மீன் ஏறியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிடித்த மீனைப் பார்த்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார். "இது என்ன விளையாட்டு? மீனுக்கும் பிரயோஜனமில்லை, உமக்கும் பிரயோஜனமில்லை" என்று பெரியம்மா நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறாள்.

திண்ணையில் ஒரு பலகை. பலகையின் ஓரத்தில் தட்டான் வைத்திருப்பது போன்ற ஒரு சிறிய பிடிசிராவி. அதன் வாயில் எள்ளை விடச் சற்றே பெரிய ஒரு கொக்கியைப் பொருத்தினார். கொக்கியின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை முதலிலேயே குறட்டால் நசுக்கிவிட்டார், மீனின் வாய் கிழியக் கூடாதென்று. அப்புறம் பட்டு நூல். அது திருபுவனத்துத் தறியில் மிஞ்சிய பச்சை நூல். தெரிந்த நெசவாளர் கொடுத்தது. கொக்கியின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, கொல்லையில் உதிர்ந்து கிடந்த மயிலிறகிலிருந்து ஓர் இழையை எடுத்து உடலாகச் சுற்றினார். கடைசியில் சேவலின் கழுத்து இறகு ஒன்றைத் தலைப்பக்கம் சுற்றியதும் அதன் மயிர்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் நாலு பக்கமும் விறைத்து நின்றன. அந்த மயிர்கள்தாம் நீர்ப்பரப்பின் மேல் கால் ஊன்றிப் பூச்சியை மிதக்க வைக்கின்றன.

"என்னடா இது, தெரிகிறதா?" என்றார்.

நான் விழித்தேன்.

"பச்சைத் தத்துப்பூச்சிடா! தீபாவளி சமயத்தில் விளக்கைச் சுற்றி மொய்க்குமே, நெல் வயலிலிருந்து வருமே, அது. டிரவுட்டுக்குக் கட்டுகிற ஈ இந்த ஊரில் செல்லாது. இந்த ஊர் மீன் எதைத் தின்று வளர்ந்ததோ அதைத்தான் கட்ட வேண்டும்."

இந்தத் தொழிலில் நம் தேசத்துக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகில், அரக்கை உருக்கிச் சொட்டினாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஸால்மன் மீனுக்கு ஈ கட்டுகிறவர்கள் அந்தப் புள்ளியை ஈயின் கண்ணாக வைத்துக் கட்டினார்கள். அதற்காக நம் காட்டுச் சேவல்களின் தோல் கப்பல் ஏறிற்று. பழைய நாளில் துரைமார்களின் தூண்டிற்கோலுக்கு மூங்கிலும் கல்கத்தாவிலிருந்துதான் போயிற்று. மூங்கில் நம்முடையது, இறகு நம்முடையது. சீமைக்குப் போய்க் கோலாகவும் ஈயாகவும் திரும்பி வந்தால் விலை மட்டும் அவர்களுடையது! 1902-ல் இந்திய சர்க்கார் காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரியப்பா அடுத்த வீட்டுச் சேவலோடு திருப்தியடைந்திருக்கிறார்.

நீலகிரிக்கு டிரவுட் வந்த கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். அது குளிர்ந்த நீரில் வாழும் மீன். நம் சமவெளி ஆற்றில் விட்டால் பிழைக்காது. 1863-ல் பிரான்ஸிஸ் டே என்ற வைத்தியர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலைப் பின்னால் எழுதியவர் அவரே. 1879-ல் நீலகிரியில் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டமே செய்தார்கள். 1907-ல் வில்ஸன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையத்தை அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் என்னும் அமெரிக்க ஜாதி அந்த ஓடைகளில் நிலைத்தது. அதாவது சட்டம் முன்னால் வந்தது. மீன் இருபத்தெட்டு வருஷம் கழித்து வந்தது!

"அந்த அவலாஞ்சித் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறாயா?" என்று பெரியப்பா கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். அது குந்தாவில் சேர்ந்து, குந்தா பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவேரியோடு கலந்து, முக்கொம்பையும் கல்லணையையும் தாண்டித் திருவையாற்றுப் படித்துறைக்கு வருகிறது. "மேலே துரைமார் மீன் வளர்த்த தண்ணீரில்தான் கீழே நாம் நெல் வளர்க்கிறோம். ஒரே தண்ணீர்தான், மேலே இருந்த மீனுக்குக் கிடைத்த உபசாரம் கீழே இருந்த மீனுக்குக் கிடைக்கவில்லை."

அவர் சொன்னது உல்ல மீனைப் பற்றி. கடலிலிருந்து கொள்ளிடம் வழியாக முட்டையிட மேலேறி வந்த மீன் அது; வங்காளிகள் இல்ஸா என்று உயிரை விடுவார்களே, அதே மீன். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். தஞ்சை ஜில்லாவின் சோற்றுக்கு அந்த அணைகள் செய்த உபகாரத்தை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் கடலிலிருந்து வந்த மீன் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அணைக்கட்டுகள் மீனின் வழியை அடைப்பதைப் பற்றி அதே பிரான்ஸிஸ் டே 1873-ல் வெளியிட்ட அறிக்கையில் எடுத்துக் காட்டினார். 1934-ல் மேட்டூர் அணையும் எழுந்து வெள்ளத்தைப் பிடித்து நிறுத்திய பிறகு, காவேரியில் உல்லம் க்ஷீணித்துவிட்டது. மேலே, கர்நாடக எல்லைப் பக்கம், ஆளுயரம் வளரும் பெருங்கெண்டையான மாசீருக்கும் நல்ல காலமில்லை. 1946-ல் கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள். 2018-ல் காவேரியின் அந்தத் திமில் மாசீரை, உலகத்திலிருந்தே அழியும் விளிம்பில் இருக்கும் மீன்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஆற்றில் இறங்கினோம். மண்புழு கோத்த தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஈக்குக் கனம் ஏது? ஆகையால் இந்த முறையில் நரம்பையே கனமாகச் செய்திருக்கிறார்கள். கோலைப் பின்னுக்கு வீசி, நரம்பு முதுகுக்குப் பின்னால் நீண்டு நேராகும்வரை பொறுத்து, அப்புறம் முன்னுக்கு வீச வேண்டும். "பொறு, பொறு" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பொறுக்கவில்லை. முதல் வீச்சில் ஈ நாணலைப் பிடித்தது. இரண்டாம் வீச்சில் என் வேஷ்டியைப் பிடித்தது. கரையில் மண்புழுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பையன், "தாத்தா, பெரிய மீன் மாட்டிக்கிச்சு!" என்று கூவினான்.

கடைசியில் ஒரு வீச்சு சரியாக விழுந்தது. ஈ நாலு முழம் மிதந்து போயிற்று, நீர் குழிந்தது, கோல் வளைந்தது. ஆவலோடு இழுத்துப் பார்த்தால் ஜிலேபிக் கெண்டை! ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் நம் நாட்டுக்குள் விடப்பட்டு, இன்று குளம் குட்டையெல்லாம் நிறைந்திருக்கும் அந்நிய மீன். பெரியப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைப் பையனிடம் கொடுத்தார். அவன் வீட்டில் அன்றிரவு குழம்பு.

"நான் தேடுகிறது அதை அல்ல" என்று கோலைத் தாமே வாங்கிக்கொண்டார். அவர் தேடியது வெள்ளிச்சி. நாலு விரல் நீளம். வெள்ளித் தகடு போன்ற உடல். வாய் மேல்நோக்கி இருக்கும். நீர் மட்டத்தில் விழும் பூச்சியையே குறி வைத்துத் திரியும். சென்னை ராஜதானியில் கலெக்டராயிருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதினார். மாசீருக்காக மலையேறும் துரைமார்களுக்கு நடுவில், குளத்து மீனைத் தூண்டிலில் பிடிப்பதைப் பற்றி 1887-ல் தனியாக ஒரு நூலும் எழுதியவர் அவர். தஞ்சை ஜில்லாவின் 1294-ம் பசலி வரி வஜாவைப் பற்றி அறிக்கை தயாரித்தவரும் அவரேதான். வரி கொடுத்த நம் பாட்டனார்களுக்கு அவரிடம் என்ன அபிப்பிராயம் இருந்ததோ! சிறு மீனை மதித்தார் என்ற ஒன்றுக்காகப் பெரியப்பா அவரை மன்னித்திருக்கிறார்.

வெயில் சாய்ந்தது. நீர்ப்பரப்பில் மழைத் துளி விழுவது போல் சிறு சிறு வட்டங்கள் கிளம்பின. பெரியப்பாவின் கை எழுபத்தெட்டு வயசுக் கை. ஆனாலும் நரம்பு ஒரு சுருள்கூடப் பிசகாமல் பின்னே போய், நின்று, முன்னே வந்தது. ஒரு மின்னல். உள்ளங்கையை நீரில் நனைத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பார்த்தார். முதுகு இளம்பச்சை, வயிறு வெள்ளி. ஒரு மூச்சு நேரந்தான்; கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தியதும் அது இல்லை. இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு கிடைத்தன.

"இங்கே ஒரு மடு இருந்தது. ஆள் இறங்கினால் தலை தெரியாது. கோடையிலும் வற்றாது, மீனெல்லாம் அதில் ஒதுங்கிக்கொள்ளும்" என்று எதிர்க்கரைப் பக்கம் கையைக் காட்டினார். மணலை அள்ளி அள்ளி, அந்த இடத்தில் இப்போது ஆற்றின் படுகையே தாழ்ந்து களிமண் தெரிகிறது. "இன்னும் ஒரு மாசத்தில் இந்தத் தண்ணீரும் போய்விடும். இது எங்கே போய் ஒதுங்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பையன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கண் முழுதும் ஈயின் மேல் இருந்தது.

"இதைத் தின்னா மீனுக்கு வயிறு நிறையுமா தாத்தா?"

"நிறையாது. ஏமாற்றுதான்."

"அப்ப எனக்கு ஒண்ணு கட்டித் தருவீங்களா?"

பெரியப்பா சிரித்துவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்து, பையனுடைய மூங்கில் குச்சி நரம்பின் நுனியில் பச்சை ஈயை முடியப் பார்த்தார். முடியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் கொக்கியின் காது அவருக்குத் தெரிவதில்லையாம். நான்தான் கோத்துக் கொடுத்தேன். பிறகு அவர் மடியிலிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஊர் திரும்பிய வருஷத்திலிருந்து, ஆறு தெளியும் ஒவ்வொரு மாசியிலும், கண்ட மீனை அதில் எழுதி வருகிறார். பழைய பக்கங்களில் வரிகள் நீளமாயிருந்தன. வர வரக் குறுகியிருந்தன. பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"நீ எழுது. எனக்குக் கோடு தெரியவில்லை."

மாசி 12. நீர் தெளிவு. வெள்ளிச்சி 3, ஜிலேபி 1 என்று எழுதினேன்.