ஆரத்தித் தட்டில் ரசாயனம்

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில், மணமக்கள் வாசற்படியில் வந்து நிற்கும் தறுவாயில், ஆரத்தி கரைக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விடிந்தது. மஞ்சள் பொடியை நீரில் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டதும், அந்த நீர் ஒரு க்ஷணத்தில் இரத்தமாய்ச் சிவந்ததை வைத்த கண் வாங்காமல் பார்த்த என் தமக்கையின் பேரன், “ஏன் தாத்தா சிவக்கிறது?” என்றான். சுண்ணாம்பு க்ஷாரம், க்ஷாரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று வாயால் சொல்வதோடு நில்லாமல், தாம்பூலத் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து அதில் பிழிந்தும் காட்டினேன். சிவப்பு ஓடிப்போய்ப் பழைய மஞ்சளே திரும்பிற்று. “சுபகாரியத்தில் இதென்னடா கூத்து!” என்று அக்காள் கடிந்துகொண்டாள்.

மஞ்சள் நல்ல சாட்சிதான். ஆனால் க்ஷாரம் உண்டா என்பதற்கு மேல் அதற்குப் பேச்சு வராது. எவ்வளவு என்ற கேள்விக்குரிய அளவுகோல் 1909-இல், கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சார்ந்த ஆராய்ச்சிச் சாலையில், ஸோரன்ஸன் என்ற ரசாயன நிபுணரின் கையில் பிறந்தது. (மதுவிலக்கில் ஊறிய என் போன்றோருக்குச் சற்றே சங்கடமான வம்சாவளி!) நொதிகளின் வேலை திரவத்தின் அமிலத்தன்மையைப் பொறுத்தது என்று கண்ட அவர், அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை, வால் நீண்ட தசம பின்னமாக எழுதும் தொல்லை நீங்க, பத்தின் அடுக்கை மட்டும் எடுத்துக் குறித்தார். அதுவே பி.எச். சுத்த நீருக்கு 7. கீழே அமிலம், மேலே க்ஷாரம். ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு.

இந்தப் பத்து மடங்குதான் நாவுக்குப் பிடிபடாத சூட்சுமம். தயிருக்குச் சுமார் 4.5, எலுமிச்சைச் சாற்றுக்கு 2-க்குச் சற்று மேல். இடையிலுள்ள இரண்டு படி நூறு மடங்கு என்று எந்த நாக்கு ஒப்புக்கொள்ளும்? புளிக்குழம்பில் வெல்லத்தைச் சேர்த்துவிட்டால் நாக்கு புளிப்பை மறந்தே போகிறது. அமிலமோ இம்மியும் குறைவதில்லை. பித்தளைப் பாத்திரம் அப்படி ஏமாறாது. வெல்லமிட்ட புளியிலும் களிம்பு ஏறும். அதனாலன்றோ நம் வீட்டுப் பெண்கள், அளவுகோல் எதுவும் அறியாமலே, ஈயம் பூசுகிறவன் குரல் தெருவில் கேட்டவுடன் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்!

அக்காள் வேறொரு தட்டில் ஆரத்தி கரைத்து மணமக்களை உள்ளே அழைத்துப் போனாள். பையன் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்து, மஞ்சளாகிவிட்ட என் தட்டில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.