கம்பத்தில் ஒரு செம்புத் தண்ணீர்

“தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை!” என்று ஊருக்குப் புறப்படுகிறவர்களிடம் எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. அதை நான் கம்பத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன்.

சென்ற ஜூன் விடுமுறைக்கு என் நாத்தனார் தன் எட்டு வயது மகனுடன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள். நமக்குச் சிங்கப்பூர் வெளிநாடு. அந்தப் பையனுக்கோ நம் ஊர்தான் வெளிநாடு! கம்பத்தில் என் பெரியம்மா இருக்கிறாள். அங்கே நாலு நாள் தங்கி அருவியும் மலையும் பார்த்து வரலாமென்று மதுரையில் ரயில் ஏறினோம். அகலப் பாதை போடுவதற்காகப் பல வருஷம் நின்று போயிருந்த இந்த ரயில், 2022 மே முதல் தேனி வரையிலும், 2023 ஜூன் முதல் போடி வரையிலும் மறுபடி ஓடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் மலைக் காற்று முகத்தில் வந்து மோதியது. தேனியில் இறங்கிப் பஸ் ஏறினோம். சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழியெல்லாம் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலுந்தான்.

நாத்தனாரின் பையில் துணிமணியைவிடத் தண்ணீர்ப் பாட்டில்களே அதிகம்.

வாசலில் கால் வைத்ததுமே பெரியம்மா பளபளவென்று துலக்கிய பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பையன் கையை நீட்டினான். நாத்தனார் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்க பெரியம்மா, எங்ககிட்ட பாட்டில் தண்ணி இருக்கு.”

பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். அதை மறுத்தால் மனிதரையே மறுத்த மாதிரி அல்லவா?

“எங்க ஊருத் தண்ணி மலைத் தண்ணி தாயி! பென்னிகுக் துரை கொண்டுவந்த தண்ணி. அதையா வேண்டாங்கிறே?” என்றாள் பெரியம்மா.

சுவரில் சாமி படங்களுக்கு நடுவே துரையின் படமும் மாட்டியிருந்தது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து, சுரங்க வழியாகக் கிழக்கே திருப்பிவிட்டவர் பென்னிகுக். 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. இடையில் காட்டு ஜுரத்துக்குப் பலியான தொழிலாளர்கள் அநேகம். இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் அவர் பிறந்த தினமான ஜனவரி 15-ஆம் தேதி பொங்கலிட்டுக் கொண்டாடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்திருந்தார். குடிநீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். “சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்களே, இங்கே ஏன் கூடாது?” என்று அவரிடம் கேட்டேன்.

“ஆற்றின் மேல் குற்றமில்லை, அம்மா. சிங்கப்பூருக்கும் அண்டை வீட்டுத் தண்ணீர் வருகிறது. 1962-ல் செய்த ஒப்பந்தப்படி 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சுத்தம் செய்த பிறகு, குழாய்க்குள் இரவு பகலாக அழுத்தம் குறையாமல் தண்ணீர் நிற்கிறது. விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர, அழுக்கு உள்ளே வராது. நம் ஊர்களில் பெரும்பாலும் சில மணி நேரந்தான் தண்ணீர் வருகிறது. நின்றதும் குழாய் காலி. பக்கத்தில் சாக்கடை ஓடினால் விரிசல் வழியே அதையும் இழுத்துக்கொள்ளும். பிறகு தரைத் தொட்டி, மாடித் தொட்டி, குடம், குடத்துக்குள் விடுகிற கை! ஆற்றிலிருந்து வாய் வரைக்கும் உள்ள வழிதான் முக்கியம்” என்றார்.

மறுநாள் சுருளி அருவிக்குப் போனோம். குளித்து முடித்ததும் பையனுக்குத் தாகம். பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. வழியில் ஒரு கடையில் வாங்கிய பாட்டிலின் மூடி, திருகாமலே கழன்று வந்தது. “இது வேண்டவே வேண்டாம்” என்று நாத்தனார் அதைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் பையன் அழுதபோது, தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தாள். அதில் கை நிறைய ஐஸ்! ஐஸும் தண்ணீர்தானே என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நடுநிசியில் பையனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது.

நாத்தனார் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கண்கள் கூடத்துச் செம்பின் பக்கம் போயின. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“நான் ஒண்ணும் குடுக்கலையே தாயி...” என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

அடுத்த நிமிஷமே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மூடி ஆறவைத்து, ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று அளந்து போட்டுக் கலக்கினாள். ஸ்பூன் ஸ்பூனாகப் பையன் வாயில் ஊட்டினாள். வாந்தி எடுத்தால் சிறிது பொறுத்து மறுபடியும் ஊட்டினாள்.

“என் தம்பி ஒருத்தன் இருந்தான். திருவிழாவுக்குப் போய் வந்த கையோட இதே மாதிரிதான். பேதி போகுதேன்னு பச்சைத் தண்ணி ஒரு சொட்டுக் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நாக்கு வறண்டே போயிட்டான். இந்த உப்பு, சர்க்கரை யாருக்கும் தெரியாம போச்சே!” என்றாள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். விடிந்ததும் டாக்டரிடம் காட்டினோம். “சரியான வைத்தியம் செய்திருக்கிறீர்கள்” என்றார் அவர். கண் செருகினாலோ, சிறுநீர் நின்றாலோ, குடித்ததெல்லாம் வெளியே வந்தாலோ தாமதிக்காமல் தூக்கி வரவேண்டும் என்றும் எச்சரித்தார். கெடுத்தது ஐஸ்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பெரியம்மா வீட்டுத் தண்ணீர் அல்ல என்று மட்டும் சத்தியம் செய்வேன்.

நாலாம் நாள் பையன் துள்ள ஆரம்பித்தான். மலையேறிக் குமுளிக்குப் போனோம். எல்லையைத் தாண்டியதும் கேரள ஓட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைத்தார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்ததாம். நாத்தனார் மகிழ்ச்சியோடு டம்ளரை எடுத்தாள்.

“சூடு பறக்கிறதா பார்” என்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார்: நிறம் பட்டையினால் வருவது, நம்மைக் காப்பது கொதி. ஆறவில்லையே என்று பச்சைத் தண்ணீரை விளாவிவிட்டால் கொதிக்க வைத்தது வீண்.

சகோதரிகளே, வெளியூர் போகும்போது நான் இப்போது செய்வது இதுதான். குமிழி விட்டு ஒரு நிமிஷமாவது கொதித்த தண்ணீரை, மூடி ஆறவைத்து எடுத்துப் போகிறேன். பாட்டில் வாங்கினால் மூடியின் வளையம், தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண் மூன்றையும் பார்க்கிறேன். தெருவில் ஐஸும், தண்ணீர் விட்ட மோரும் வாங்குவதில்லை. திராட்சையையும் நல்ல தண்ணீரில்தான் அலசுகிறேன். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். துணி வடிகட்டி தூசியை நிறுத்தும். கிருமியை இரண்டும் கொல்லாது. காலிப் பாட்டிலை மலையில் எறியாமல் வீட்டுக்கே கொண்டு வருகிறேன்.

புறப்படும் நாள் பெரியம்மா அதே செம்பைக் கொண்டுவந்தாள். வாசலில் நின்று தயங்கினாள்.

“சீரகம் போட்டுக் கொதிக்க வச்சு ஆறினது” என்றாள் மெதுவாக.

நாத்தனார் இரண்டு கையாலும் வாங்கி, முதலில் தான் குடித்து, பிறகு மகனிடம் கொடுத்தாள். அவன் செம்பைக் காலி செய்துவிட்டுக் கேட்டான்:

“பாட்டி, என் பாட்டிலிலேயும் கொஞ்சம் ஊத்தித் தர்றீங்களா?”