ஓட்டில் எழுதிய பெயர்

நல்ல நூல் நல்ல நண்பன் என்று பெரியோர் சொல்வர். நல்ல நண்பன் நம் குற்றத்தையும் முகத்துக்கு நேரே சொல்வான் என்பதை இந்த ஆண்டுதான் நாங்கள் அறிந்துகொண்டோம். அப்படி எங்களுக்குச் சொன்ன நண்பர், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் கைரோனியா என்னும் சிற்றூரில் வாழ்ந்த புளூடார்க்.

ஆடி மாதம், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்த நேரம். நூலகச் சிஸ்டர் எங்கள் வகுப்பில் எழுவரை அழைத்து, பாடப் புத்தகம் அல்லாத ஆங்கில நூல் ஒன்றை இந்த ஆண்டு முடிக்க வேண்டும் என்று சொல்லி, பழுப்பேறிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர் 'தி ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் ஏதென்ஸ்'. புளூடார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளுள் ஒன்பதை இயான் ஸ்காட்-கில்வர்ட் இக்கால ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, பெங்குவின் நிறுவனம் 1960-இல் வெளியிட்டது. 1579-இலேயே தாமஸ் நார்த் என்பவர் பிரெஞ்சு வழியாகப் புளூடார்க்கை ஆங்கிலமாக்கியிருந்தார். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கு ஷேக்ஸ்பியர் கதை எடுத்தது அதிலிருந்துதான். அந்தப் பழைய நடை எங்களுக்கு எட்டாது. இதுவோ பொறுமையாகப் படித்தால் புரிகிறது.

தஞ்சைக்கு இது புதிதும் அல்ல. ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி கற்ற இரண்டாம் சரபோஜி மன்னர், ஐரோப்பிய நூல்களை வாங்கிச் சரசுவதி மகாலில் சேர்த்து வைத்த ஊர் அல்லவா இது!

மதிய உணவு முடிந்ததும் வேப்பமரத்தடியில் கூடுவோம். ஒருத்தி உரக்க வாசிப்பாள். ஒருத்தி அகராதியைப் புரட்டுவாள். மற்றொருத்தி தமிழில் சொல்வாள். பெயர்கள்தாம் வாயில் நுழைய மறுத்தன. தெமிஸ்டோக்ளிஸைத் 'தெமி மாமா' என்று சுருக்கிக்கொண்டோம். போர்களை மட்டுமே விவரிப்பார் என்று எண்ணிய எங்களுக்குப் புளூடார்க் வியப்பளித்தார். ஒருவர் விளையாட்டாகச் சொன்ன சொல்லிலும், சிறு செயலிலும் அவருடைய குணத்தைக் காட்டுவது அவர் வழக்கம்.

ஐப்பசி அடைமழையில் மரத்தடியை விட்டு வராந்தாவுக்கு வந்தபோது, நான்காவது வரலாறாகிய அரிஸ்டைடீஸை எட்டியிருந்தோம். 'நீதிமான்' என்று ஏதென்ஸ் மக்கள் அழைத்த மனிதர் அவர். அந்த நகரத்தில் ஒரு வினோதமான வழக்கம் இருந்தது. எவர் நாட்டில் இருக்க வேண்டாம் என்று குடிமகன் நினைக்கிறானோ, அவர் பெயரை உடைந்த பானையோட்டில் எழுதிப் போடலாம். மொத்தம் 6,000 ஓடுகள் சேர்ந்துவிட்டால், அதிகமான ஓடுகளில் பெயர் உள்ளவர் 10 ஆண்டுகள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். குற்றமோ விசாரணையோ தேவையில்லை. "ஓட்டுக்கு ஓடு!" என்று சிரித்தோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறை எங்கள் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. நம்மவர் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்து, ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். அவர்களோ உடைந்த பானையில் எழுதி ஆளை விலக்கினார்கள்!

அடுத்த பக்கத்தில் எங்கள் சிரிப்பு நின்றது. ஓடு எழுதும் நாளில், எழுதத் தெரியாத நாட்டுப்புறத்தார் ஒருவர், அருகில் நின்றவரிடம் தம் ஓட்டைக் கொடுத்து அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரும்படி கேட்கிறார். கேட்கப்பட்டவரே அரிஸ்டைடீஸ்! அவர் உமக்கு என்ன தீங்கு செய்தார் என்று வினவுகிறார். ஒரு தீங்கும் இல்லை, அவரை எனக்குத் தெரியவும் தெரியாது, எங்கு பார்த்தாலும் அவரை நீதிமான் என்கிறார்கள், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்கிறார் அவர். அரிஸ்டைடீஸ் பதில் பேசாமல் தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு மேல் யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. காரணம் எங்கள் எழுவருக்கும் தெரியும்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள், பெயர் வேண்டாம். மதிப்பெண்ணைக் கூட்டியதில் தனக்குத் தவறுதலாக வந்த இரண்டைத் தானே எழுந்து குறைக்கச் சொன்னவள். யார் வகுப்புக்கு வந்தாலும், "அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்பார்கள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு நாங்கள் அவளுடன் பேசுவதை நிறுத்திவிட்டோம். சாப்பாட்டு வட்டத்தில் அவளுக்கு இடமில்லை. ஓடும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. கண்ஜாடையே போதுமாக இருந்தது. அவள் எங்களுக்குச் செய்த தீங்கு என்ன? அந்த நாட்டுப்புறத்தார் சொன்ன பதிலைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை.

மறுநாள் எழுவரும் அவளருகில் போய் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்க வார்த்தை வரவில்லை. எங்களில் ஒருத்தி அரிஸ்டைடீஸ் கதையைச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பிறகு அவர் திரும்பி வந்தாரா?" என்றாள். எங்களுக்குத் தெரியவில்லை. புத்தகத்தை அவள் கையில் கொடுத்தோம். மீதியை அவள்தான் வாசித்தாள்.

அவர் வந்தார். பாரசீக மன்னன் செர்க்சீஸ் படையெடுத்து வந்ததும், கி.மு. 480-இல் விலக்கப்பட்டோரை ஏதென்ஸ் திரும்ப அழைத்தது. சாலமிஸ் கடற்போருக்கு முந்திய இரவு, எதிரிக் கப்பல்களுக்கு நடுவே புகுந்து வந்து, எதிரி சூழ்ந்துகொண்டான் என்ற செய்தியைத் தம் பழைய பகைவரான தெமிஸ்டோக்ளிஸிடமே சொன்னார். பழைய சண்டையைத் தொடரவில்லை. இத்தனை பெரியவர், இறந்தபோது அடக்கச் செலவுக்கும் பணம் விட்டுச் செல்லவில்லை என்றும், அவர் பெண்மக்களுக்கு நகரமே ஆளுக்கு 3,000 திராக்மா கொடுத்து மணம் முடித்தது என்றும் புளூடார்க் எழுதுகிறார். அங்கும் சீதனமா என்று பெருமூச்சு விட்டோம்! நெல் விற்ற பணத்தைப் பெண்ணுக்கென்று எடுத்து வைக்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் நாங்கள்.

அரிஸ்டைடீஸின் பெயர் எழுதிய ஓடுகளை ஏதென்ஸ் நகரில் மண்ணுக்கடியிலிருந்து அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். எழுதிய கைகள் மறைந்து 2,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்து அழியவில்லை. நாங்கள் எதிலும் எழுதவில்லைதான். ஆயினும் அந்தச் சில வாரங்கள் அவள் மனத்திலிருந்து அழிந்திருக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது எங்கள் வட்டத்தில் எட்டுப் பேர். பெரிக்ளிஸ் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறோம். அகராதி அவள் கையில்.