மெல்லக் கரையும் பொருள்

சென்ற பள்ளி விடுமுறையில் மகன் இல்லத்து நீச்சல் குளத்தைப் பேணும் பொறுப்பு என்னிடம் வந்தது. நம் நாட்டு வெயில் குளோரினை விரைந்து அழித்துவிடும். அதனைக் காக்கச் சயனூரிக் அமிலம் என்னும் வெண்பொடியை இடுவர். துணிப்பையில் கட்டி, நீர் பாயும் வாயருகே தொங்கவிட்டேன். மறுநாள் சோதித்தேன், அளவு உயரவில்லை. பொறுமையிழந்து மீண்டும் அதே அளவு இட்டேன்.

அப்பொடி உப்பைப் போல் உடனே கரைவதன்று. முற்றும் கரைந்து சோதனையில் தென்படச் சில நாள்கள், சிலபோது ஒரு வாரமும் ஆகும். பத்து நாள் கழித்துப் பார்த்தேன். பத்து இலட்சம் பங்கு நீரில் 30 முதல் 50 பங்கு வரை இருக்கவேண்டியது 90ஐத் தொட்டிருந்தது! மிகுந்தால் குளோரினின் வேகம் மட்டுப்படும். ஆவியாகியும் அது போகாது. பாதி நீரை இறைத்துப் புதுநீர் நிரப்பினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், எழுத்துக்கூட்டத் திணறிய மாணவன் ஒருவனுக்கு, முதற்பாடம் மனத்தில் ஊறுமுன் அடுத்தடுத்துப் பாடங்களைத் திணித்தேன். "உன் மண்டையில் ஏறாது" என்று கடிந்தும் கொண்டேன். அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

குளத்து நீரை மாற்ற முடிந்தது. அப்பிழையை மாற்ற முடியவில்லை. ஆசிரிய நண்பர்களே, கரையவில்லை என முடிவுகட்டுமுன் சற்றுப் பொறுங்கள்.