லீற்றர் கணக்கும் தொன் கணக்கும்

சூரிச்சிலிருந்து எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கட்டடத்து வாசலில் யாரோ ஒரு கறுப்புக் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பராமரிப்பாளர் அதைப் படம் பிடித்து, கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் அடித்து, லிப்ட் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய கையோடு நேரே நாலாம் மாடிக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினார். இடையில் எத்தனையோ கதவு இருந்தது, ஒன்றையும் தட்டவில்லை. பை கீழே இருக்கும் ஒரு மாணவனுடையது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பப் படியேறி வந்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வாசகர்களுக்கு இந்தப் பை விவகாரத்தை விளக்கியே ஆகவேண்டும். இங்கே குப்பையைக் கண்ட பையில் போட முடியாது. நகரசபை முத்திரை உள்ள பையில்தான் போடலாம். 35 லீற்றர் பை ஒன்று ஏறக்குறைய இரண்டு பிராங். பல கடைகளில் அதைத் தட்டில் அடுக்கி வைப்பதில்லை, சிகரெட் போலக் காசாளரிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும். எரிக்கிற செலவு அந்த விலைக்குள்ளேயே அடக்கம். ஆகவே குப்பை கூடினால் செலவும் கூடும். 1975இல் சென்ட் காலன் நகரம் தொடங்கி வைத்த முறை இது. பேப்பரைச் சணல் கயிற்றால் கட்டி வைக்கவேண்டும். போத்தலை வெள்ளை, பச்சை, மண்ணிறம் என்று பிரித்துப் போடவேண்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, கண்ணாடி உடைகிற சத்தம் அயலுக்குத் தொந்தரவாம். முத்திரை இல்லாத பை அகப்பட்டால் அதை வெட்டிக் கிண்டுவார்கள். உள்ளே பெயர் எழுதிய ஒரு கடித உறை கிடைத்தால் போதும், தண்டம் வீடு தேடி வரும். மாம்பழத்தோலையும் முட்டைக்கோதையும் கையுறை போட்டுக் கிளறி ஆளைப் பிடிக்கிற ஒரு நாட்டில் இருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொன்னால் நம்பமாட்டா. கிணற்றடி வாழையும் பின்வளவுக் கிடங்கும் அவவுக்குப் போதுமாயிருந்தன.

அன்று பின்னேரம் கீழ்வீட்டு மூதாட்டி பிளம்ஸ் பலகாரத் தட்டோடு வந்தார். எண்பது தாண்டிய, ஓய்வுபெற்ற ஆசிரியை. பராமரிப்பாளர் செய்ததற்கு இவர் வெட்கப்பட்டார். "உங்கள் பையை வெட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எங்கள் அரசாங்கத்தின் பையைத் திறந்து பார்க்க நாங்கள் ஸ்ட்ராஸ்பூர்க் வரைக்கும் போகவேண்டியிருந்தது" என்றார். அப்போதுதான் தெரிந்தது, அவர் 'கிளிமாசீனியோரினன்' அமைப்பில் ஒருவர் என்று.

பெயரைக் கேட்டிருப்பீர்கள். 64 வயதைத் தாண்டிய சுவிஸ் பெண்கள் 2016இல் தொடங்கிய சங்கம் அது. காலநிலை விஷயத்தில் அரசு செய்வது போதாது, கூடிவருகிற வெக்கை எங்கள் உயிருக்கு ஆபத்து என்று அரசுக்கு எழுதினார்கள். மறுத்துவிட்டது. நீதிமன்றம் போனார்கள். 2020இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது, உங்கள் உரிமை அந்தளவுக்குப் பாதிக்கப்படவில்லை என்று. பிறகுதான் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 2024 ஏப்ரல் 9ஆம் திகதி 17 நீதிபதிகளில் 16 பேர் அவர்கள் பக்கம் நின்றார்கள்.

ஏன் கிழவிகள் மட்டும் என்று இங்கேயே நக்கலடித்தவர்கள் உண்டு. காரணம் சட்டத்தில் இருக்கிறது. பொதுநலனுக்காக யாரும் வழக்குப் போடலாம் என்ற வழி இங்கே இல்லை. எனக்குத் தனியாக என்ன கெடுதி என்று காட்டவேண்டும். வெப்ப அலையில் அதிகம் சாகிறவர்கள் வயதான பெண்கள் என்பது மருத்துவக் கணக்கு. 2003ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் இந்தச் சின்ன நாட்டில் வழமையை விட ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடுதலாக இறந்தார்கள். முதுமையையே ஆதாரமாக்கி வழக்குப் போட்டார்கள் இந்த மனிசிகள். கெட்டித்தனம்.

இவர்களில் பலர் வளர்ந்து ஆளான பிறகும் வாக்குரிமை இல்லாதிருந்தவர்கள். 1867இலேயே ரஷ்யப் பெண் நதேஷ்தா சுஸ்லோவாவுக்கு மருத்துவத்தில் கலாநிதிப் பட்டம் கொடுத்தது சூரிச் பல்கலைக்கழகம். தன் சொந்தப் பெண்களுக்குச் சுவிஸ் வாக்குரிமை கொடுத்ததோ 1971இல். அப்பென்ஸெல் மலையில் ஆண்கள் இடுப்பில் வாளோடு மைதானத்தில் கூடிக் கையுயர்த்தி, மாநில வாக்குரிமையை 1990இலும் கொடுக்கமாட்டோம் என்றார்கள். நீதிமன்றம் தலையிட்டுத்தான் வழிக்குக் கொண்டுவந்தது. எங்கள் இலங்கைத் தீவில் 1931இலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. அந்தத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை. உலகின் முதல் பெண் பிரதமரும் எங்கள் தீவில்தான் என்று இங்குள்ளவர்களிடம் பெருமையடிப்பேன். சிறிமாவோவைப் பற்றி நமக்குள்ளே இருக்கும் கணக்கை அவர்களிடம் சொல்வதில்லை.

பெண்கள் கதிரையில் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2010இல் இந்த நாட்டின் ஏழு அமைச்சர்களில் நால்வர் பெண்கள். அடுத்த வருடம் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு அணுமின்னிலிருந்து படிப்படியாக விலகுவது என்று முடிவெடுத்தது அந்த அரசு. நல்லது. ஆனால் 2017இல் மூத்த பெண்களின் மனுவைத் தள்ளிய அமைச்சுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு பெண், டோரிஸ் லொய்ட்ஹார்ட்.

ஸ்ட்ராஸ்பூர்க் சொன்னதில் என்னை உலுக்கியது ஒரு விஷயம். இனி இந்த நாடு எத்தனை தொன் கரியமிலவாயுவை வெளியே விடலாம் என்று அரசு ஒரு வரையறையே போடவில்லையாம். 2020க்குள் 20 வீதம் குறைப்போம் என்ற தன் சொந்த இலக்கையும் தவறவிட்டதாம். எங்கள் சமையலறைக் குப்பைக்கு லீற்றர் கணக்கு வைத்திருக்கிற நாடு இது! 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் இங்குள்ள பனியாறுகள் பத்தில் ஒரு பங்கை இழந்தன. தீர்ப்பு வந்து இரண்டு மாதத்தில் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் நாங்கள் செய்தது போதும் என்று தீர்மானம் போட்டன. மேல்சபையில் 31க்கு 11, கீழ்சபையில் 111க்கு 72. அயலவர் ஒருவர் தண்டக் கடிதத்துக்கு இப்படி ஒரு பதில் எழுதினால் என்ன நடக்கும் என்று பராமரிப்பாளரிடம் கேட்க ஆசை.

தீர்ப்பை மூதாட்டி என்னிடம் விளக்கும்போது சோனியா செனவிரட்ன என்ற பெயர் வந்தது. ஈடிஎச் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. வெப்ப அலையையும் வறட்சியையும் மண்ணின் ஈரம் எப்படித் தீர்மானிக்கிறது என்பது அவருடைய துறை. 2023 முதல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் முதலாம் பணிக்குழுவுக்குத் துணைத்தலைவர்களில் ஒருவர். 1855இல் தொடங்கிய அந்த ஈடிஎச் 1985இல்தான் ஒரு பெண்ணை முழுப் பேராசிரியர் ஆக்கியது.

எனக்குத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று இந்த இலையுதிர் காலத்தில் அங்கே சூழலியல் படிக்கப் போகிறாள். கோயிலில் கண்டபோது அவளுடைய பெரியம்மா என்னை ஓரமாக இழுத்து, "மெடிசின் கிடைக்கேல்லையோ? மழை வெயில் பார்க்கிறதுக்கும் ஒரு பட்டமோ பிள்ளை?" என்று கேட்டா. செனவிரட்னவின் பெயரைச் சொன்னேன். "சிங்களப் பேரெல்லே" என்றா. அந்தளவில் தேர் வெளிக்கிட்டுவிட்டது.