இருமலும் இரத்தக்கட்டியும்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும் மருத்துவர்களான நாங்கள் கருவி காட்டும் எண்ணையே நம்பிப் பழகிவிட்டோம். 150 இருந்தது 130 ஆகிவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவுகட்டுகிறோம். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்களை அந்த எண்ணால் மட்டும் அளப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். இதயத் தமனியின் உட்சுவரில் ஓயாத இழுபறி ஒன்று நடக்கிறது. அச்சுவரின் செல்கள் டி.பி.ஏ. என்ற புரதத்தைச் சுரந்து, அங்கங்கே படியும் இரத்தக்கட்டிகளைக் கரைக்கின்றன. மாரடைப்பின்போது ஊசியில் ஏற்றும் ஆல்டிப்ளேஸ் இதே புரதத்தின் செயற்கை வடிவம்தான். பி.ஏ.ஐ.-1 என்ற மற்றொரு புரதமோ டி.பி.ஏ.வைப் பற்றி முடக்கிவிடும். காலை நேரத்தில் பி.ஏ.ஐ.-1 உச்சத்தில் இருக்கிறது. மாரடைப்பும் காலையில்தான் அதிகம். ஏ.சி.இ. நொதி இந்த இழுபறியில் இரு வழிகளில் கட்டியின் பக்கம் சாய்கிறது. அது உண்டாக்கும் ஆஞ்சியோடென்சின்-2 பி.ஏ.ஐ.-1ஐப் பெருக்குகிறது, டி.பி.ஏ.வைச் சுரக்கவைக்கும் பிராடிகினினையோ அந்த நொதி சிதைத்துவிடுகிறது. நொதியை அடைத்தால் இரண்டும் திரும்புகின்றன. இம்மாத்திரையால் சிலருக்கு வரும் வறட்டு இருமலுக்கும் பெரும்பாலும் அதே பிராடிகினின்தான் காரணம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கு ராமிப்ரில் கொடுத்துப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு வாரத்தில் பி.ஏ.ஐ.-1 அளவு மருந்தில்லாதவர்களைவிட 44 சதவீதம் குறைவாக இருந்தது. டி.பி.ஏ. அளவில் அங்கே பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் கைச் சிரையில் எடுத்த இரத்தம் இதயத் தமனிக்குள் நடப்பதை முழுதாகச் சொல்லாது. இதயத் தமனியிலேயே பிராடிகினினைச் செலுத்தி அளந்தபோது, ஏ.சி.இ. தடுப்பான் எடுத்தவர்களிடம் டி.பி.ஏ. கூடுதலாக வெளிப்பட்டது, ஆஞ்சியோடென்சின்-2இன் வேலையை மட்டும் தடுக்கும் சார்டன் வகை மருந்தான லோசார்டன் அந்த உயர்வைத் தரவில்லை. அதற்கும் முன்பே, 1992இல் வெளியான சேவ் ஆய்வில், மாரடைப்பால் இதயம் பலவீனப்பட்ட 2231 பேரில் கேப்டோப்ரில் என்ற ஏ.சி.இ. தடுப்பானை எடுத்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பு கால்பங்கு குறைந்திருந்தது. இவர்கள் அழுத்தத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

அழுத்தம் இறங்கியதே இத்தனைக்கும் காரணமாக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ராமிப்ரிலைச் சோதித்த 2000ஆம் ஆண்டின் ஹோப் ஆய்வில் மேல் அழுத்தம் 3 மில்லிமீட்டர்தான் இறங்கியது, எனவே பலன் அழுத்தத்தால் வந்ததல்ல என்று நாங்கள் மகிழ்ந்திருந்தபோது, ஒரு துணை ஆய்வு இரவு நேர இறக்கம் அதைவிட மிக அதிகம் என்று காட்டியது. ஆகவே ஹோப்பை மட்டும் வைத்து வாதாட நான் முன்வரமாட்டேன். இன்னும் கடினமான மறுப்பு 2008இல் வந்த ஆன்டார்கெட் ஆய்வு. 25,000க்கு மேற்பட்டவர்களில், பிராடிகினினைத் தொடாத சார்டன் வகை மருந்தான டெல்மிசார்டன் ராமிப்ரிலுக்கு ஈடாக நின்றது. கட்டி கரைவதுதான் இம்மருந்தின் பெரும்பலம் என்றால் ராமிப்ரில் தெளிவாக முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: டி.பி.ஏ. பாதை உண்மை, ஆனால் அது பல இழைகளில் ஓர் இழை. ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் ஏற்கெனவே காவல் நிற்கும் உடலில் அதன் பங்கு மெலிந்துபோகும். எனவே இருமலால் தூக்கம் கெடும் நோயாளிக்குச் சார்டன் வகைக்கு மாற்றித் தரத் தயங்க வேண்டியதில்லை. மாரடைப்பு கண்டு, இதயத் துடிப்பின் வலு குறைந்த ஒருவர் “பி.பி. நார்மல் ஆயிடுச்சே டாக்டர்” என்று மாத்திரையை நிறுத்தக் கேட்கும்போதோ, என் விடை கருவியின் எண்ணிலிருந்து தொடங்காது.